ஒரு கீச்சுச் சத்தத்தைத் தேடி ஓசூருக்கு

ஒரு காருக்குள் ‘கீச்’ என்று சத்தம் வருகிறது. அதற்காக ஒரு மனிதனை இரண்டு விமானம் மாற்றி ஏற்றி ஓசூருக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னால், சாத்தூரில் இருக்கும் என் சித்தப்பா நம்ப மாட்டார். “நாலு சொட்டு எண்ணெய் விட்டாப் போகுது” என்பார். அந்த எண்ணெயை எந்த இடத்தில் விடுவது என்று கண்டுபிடிக்கும் வேலையில்தான் நான் இருபது வருடங்களுக்கும் மேலாகச் சோறு தின்கிறேன். ஐரோப்பாவின் வடக்கே, பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஓர் ஊரில், விலை உயர்ந்த மின்சாரக் கார்கள் செய்யும் கம்பெனி. அங்கே நான் காருக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடி, காது கொடுத்துக் கேட்பேன். பார்ப்பவர்களுக்குத் தூங்குவது போலத் தெரியும். சம்பளம் உண்டு.

பெட்ரோல் காலத்தில் எங்களுக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. என்ஜின் போடுகிற கூச்சலில் சின்னச் சின்ன முனகல்கள் எல்லாம் அமுங்கிப் போகும். சத்தமாகப் பேசும் மாமியார் ஊருக்குப் போனால்தானே வீட்டில் மற்றவர்கள் முணுமுணுப்பது காதில் விழும்? மின்சாரக் காரில் அந்த மாமியாரை நிரந்தரமாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வருடம் வண்டி ஊமையாக ஓடும். இரண்டாம் வருடம் கதவுப் பட்டை லேசாக இருமும். மூன்றாம் வருடம் வெயிலில் பசை காய்ந்து, கிளிப் தளர்ந்து, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி, டாஷ்போர்டும் கூரையும் இருக்கையும் ஆளுக்கொரு குறை சொல்ல ஆரம்பிக்கும். ஒரு வீட்டின் விலையைக் கொடுத்து வாங்கியவர் சும்மா இருப்பாரா? கடிதம் போடுவார். உடனே என்னைத் தேடுவார்கள்.

இந்த முறை தேடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்திருந்தது. கார் முழுக்க மைக் வைத்து, சத்தம் வரும் இடத்தைத் திரையில் சிவப்புப் புள்ளி போட்டுக் காட்டும். என் மேலாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். அந்த ஊரில் மேலாளர் தன் கையால் காபி போட்டுக் கொடுத்தால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். “இந்தியாவில் ஒரு கார். அங்குள்ள பட்டறையில் பல தடவை பார்த்தும் சத்தம் பிடிபடவில்லை. இயந்திரம் இல்லாமல் நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், காதுதான் சிறந்தது என்று நான் மேலே சொல்ல முடியும்” என்றார். கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேறு தொழில் தெரியாது. இருப்பது இரண்டு காது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இறங்கி டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் நன்றாகத்தான் வந்தார். அத்திப்பள்ளி எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, தமிழ்நாட்டு பெர்மிட் தன்னிடம் இல்லை என்றார். விமான நிலையத்தில் நான் ‘ஓசூர்’ என்றபோது அவர் தலையாட்டியது, அப்படி ஓர் ஊர் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்காம். அயல்நாட்டு எல்லைகளை எல்லாம் மரியாதையாகத் தாண்டி வந்தவனைச் சொந்த மாநிலத்து எல்லையில் பெட்டியோடு நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

அங்கிருந்து ஒரு பேருந்து. ஏறி உட்கார்ந்ததும் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது, கூரைத் தகடு தடதடத்தது, பின்படி ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘டங்’ என்று பதில் சொன்னது. என் பிரிவில் உள்ள அத்தனை பேருக்கும் ஓய்வு பெறும் வரை வேலை தரக்கூடிய வண்டி அது. பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், ஷிப்ட் முடித்து வந்தவர், கம்பியில் தலையைச் சாய்த்து அடித்துப் போட்டது போலத் தூங்கினார். முன்னால் கன்னடம், பின்னால் தெலுங்கு, நடுவில் தமிழ், படிக்கட்டில் இந்தி. கண்டக்டர் எல்லோரிடமும் அவரவர் மொழியில் சில்லறை இல்லை என்றார். வண்டியின் சத்தத்தைப் பற்றி எந்த மொழியிலும் புகார் எழவில்லை.

ஓசூர் ஓட்டலில் சாம்பார் இனித்தது. கரிசல் காட்டு நாக்குக்கு அது பெரிய சோதனை. சர்க்கரை ஏதும் தவறி விழுந்துவிட்டதா என்று சர்வரிடம் கேட்டேன். “இல்லீங்க சார். பெங்களூரு பக்கத்துல இருக்குதில்ல, அந்தக் காத்துங்க” என்றார். இட்லியைக் காரச் சட்னியில் தோய்த்துத் தாய்நாட்டோடு சமாதானம் செய்துகொண்டேன்.

தங்கிய விடுதியில் கொசு இல்லை என்று சந்தோஷப்பட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் கையெல்லாம் தடிப்பு. “உங்க ஊர்க் கொசு சத்தமே போடாமக் கடிக்குதே” என்று வரவேற்பில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பக்கத்து ரூம்காரரு ராத்திரியெல்லாம் கொய்யுனு ஒரே சத்தம், தூக்கமே வர்லைன்னு இப்பதாங்க சண்ட புடிச்சிட்டுப் போனாரு.” இந்த வட்டாரத்தில் கொசுக்களில் ஒரு பகுதி மின்சாரத்துக்கு மாறிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பட்டறையிலிருந்து இசக்கிமுத்து என்னை அழைத்துப் போக வந்தார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், மனைவி மக்களோடு ஓசூரில் குடியேறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. என் பேச்சில் தெக்கத்தி வாடை அடித்ததுமே ‘சார்’ போய் ‘அண்ணாச்சி’ வந்துவிட்டது.

“நானும் எத்தனையோ வாட்டி கழத்தி மாட்டிப் பாத்துட்டேன் அண்ணாச்சி. சத்தம் கேக்குது, ஆனா எங்கன இருந்து வருதுன்னு பிடிபட மாட்டேங்குது. நீங்க வந்துட்டியள்லா, இனி கவலையில்ல” என்றார். அவருடைய நம்பிக்கை எனக்கு இதமாக இருந்தது.

காரின் சொந்தக்காரர் முனிராஜ், தொரப்பள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்தில் ரோஜா பயிரிடுகிறவர். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடார வரிசைகளுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. அதில் டிராக்டருக்கும் பூக்கூடைகளுக்கும் நடுவே அந்தக் கார், தப்பான கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்ட பட்டுப்புடவைக்காரி மாதிரி நின்றது. முனிராஜ் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார். வீட்டில் தெலுங்கு, தோட்டத்து ஆட்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ், எதிலும் அவசரமில்லை.

“என் சம்சாரத்துக்கு ஒத்தத் தலவலிங்க சார். சத்தம் ஆவாது. பழைய ஜீப்புல பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனா, போறப்ப இருந்த வலி வர்றப்ப ரெண்டா இருக்கும். இது சத்தமே இல்லாத வண்டின்னாங்க. அவளுக்காகத்தாங்க எடுத்தேன்.”

அந்தச் சம்சாரம், சரோஜா, வாசலிலேயே நின்று காரை முறைத்துக்கொண்டிருந்தார். சிங்காரப்பேட்டைப் பக்கம் பிறந்தவர். அம்மா வீட்டுக்கு இப்போது பஸ்ஸில்தான் போகிறாராம். கொட்டகையில் இத்தனை பெரிய கார் நிற்கும்போது பஸ் எதற்கு என்று கேட்டேன்.

“பஸ்ஸு எல்லாம் சேத்து ஒரே சத்தமா போடுதுங்க. பழகிப்போவுது. இது சும்மாவே இருந்துட்டு, திடீர்னு மண்டைக்குள்ள ஊசி ஏத்துது. எப்ப ஏத்தும், எப்ப ஏத்தும்னு காத்துக்கினு இருக்கறதே ஒரு தலவலிங்க” என்றார்.

இருபது வருட அனுபவத்தில் மூன்று வயதான ஒரு காரின் நோயை இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அதைப் பாராட்டிவிட்டு, அவரை அங்கேயே நிற்கவிட்டு, ஆண்கள் மூவரும் காரில் ஏறிப் புறப்பட்டோம்.

முதல் சுற்றிலேயே எனக்குச் சத்தங்கள் கொட்டிக் கிடந்தன. இருக்கைகளுக்கு ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை, அசைந்தால் சரசரத்தது. டாஷ்போர்டில் மூன்று சாமிகள், மூவரும் ஒட்டுப் போன பீடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்கதவுப் பையில் ஏதோ கடகடவென்று உருண்டது. கையை விட்டு எடுத்தால், கோயிலில் வாங்கி வைத்த எலுமிச்சம்பழங்கள், காய்ந்து கோலிக்குண்டாகியிருந்தன. முன்பக்கப் பெட்டிக்குள் பூ வெட்டும் கத்திரிகள் இரண்டு. பிளாஸ்டிக் உறையைக் கழற்றச் சொன்னபோது முனிராஜின் முகம் வாடிவிட்டது. “புது வண்டிங்க சார்…” என்றார். மூன்று வருடத்துப் புது வண்டி. எங்கள் கம்பெனியில் பதினெட்டு பேர் கொண்ட குழு தேர்ந்தெடுத்த தோல், அன்றைக்குத்தான் முதல் முதலாக வெளிக்காற்றைப் பார்த்தது.

எல்லாவற்றையும் எடுத்து, சாமிகளை அழுத்தமாக ஒட்டி, இன்னொரு சுற்றுப் போனோம். அமைதி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் சரோஜாவை ஏற்றி, அவர் வழக்கமாக உட்காரும் பின் இருக்கையில் வைத்துத் தோட்டத்துப் பாதையில் ஒரு வட்டம் போட்டார் முனிராஜ். இறங்கி வந்த சரோஜா சங்கடத்தோடு, “சின்னச் சத்தமெல்லாம் போயிருச்சுங்க சார். பெருசு அப்படியேதான் இருக்குது” என்றார்.

மதியம் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். களியை மென்றுவிட்டேன். “மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்” என்று முனிராஜ் சிரித்தார். நான் வசிக்கும் ஊரில் மதிய உணவு இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சோகமான இலை. யாரும் யாரையும் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள் என்று சொல்ல மாட்டார்கள். இங்கே சரோஜா சொல்லாமலே வைத்தார். பெரிய சத்தம் என்று அவர் சொன்னது என்னவாக இருக்கும் என்று யோசித்தபடி இரண்டாவது உருண்டையையும் விழுங்கினேன்.

செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு. கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் முக்கி முனகிப் போக, நாங்கள் சத்தமில்லாமல் அவற்றைத் தாண்டினோம். ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் இசக்கிமுத்து என்னைத் திரும்பிப் பார்ப்பார். “இப்பக் கேட்டுதுல்லா அண்ணாச்சி?” நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கைதேர்ந்த வைத்தியர் போல ஒரு நிமிடம் இருந்துவிட்டு, “அது டயர் சத்தம்” என்பேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும், “இந்தா, இப்ப?” “காத்து” என்பேன். அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷ்ணகிரியை நெருங்கும்போது சார்ஜ் இறங்கிவிட்டது. சார்ஜ் போடும் இடத்தைத் தேடிப் போனால் அங்கே எல்லாம் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. எப்போது வரும் என்று கேட்டதற்கு, காவலாளி வானத்தைப் பார்த்தார். எதிரே ஒரு மாம்பழச் சாறு கடை. அங்கே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். கரண்ட் வரவில்லை. மூன்றாவது டம்ளரில் எனக்கு வாய் திறந்துகொண்டது. புது இயந்திரம் வந்திருப்பதையும், இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் வேலை இருக்காது என்பதையும், மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். முனிராஜ் டம்ளரை வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டார்.

கரண்ட் வந்து, வண்டி நகர்ந்து, வீடு வந்து சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சரோஜா காரில் ஏறி ஒரு வட்டம் போய் வந்து, “போவலீங்க” என்றார். நான் அவரை உட்கார வைத்து விளக்கினேன். அமைதியான இடத்தில் மனம் தானாகவே சத்தத்தை உண்டாக்கும், இது பல நாடுகளிலும் வாடிக்கையாளர்களுக்கு வருவதுதான், கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் சரியாகிவிடும் என்றேன். பாட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். குரலில் தேன் ஒழுகியது.

“அப்ப என் தலவலியும் மனசுதாங்களா சார்?” என்று கேட்டார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒப்புக்கு நான்கு கிளிப்புகளை மாற்றிவிட்டுக் கிளம்பும்போது கணவனும் மனைவியும் கொட்டகை ஓரமாக நின்று தெலுங்கில் ஏதோ பேசினார்கள். முனிராஜ் கெஞ்சுவது போலவும், சரோஜா முதலில் மறுத்துப் பிறகு தலையசைப்பது போலவும் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்ட தெலுங்கு என்று அவரே சொல்லியிருந்தார். எனக்கு அந்த மொழி சுத்தமாகத் தெரியாது. இசக்கிமுத்துவிடம் கேட்டேன். “நாளைக்கு உங்களுக்கு என்ன சமைக்கன்னு பேசிக்கிடுதாவ அண்ணாச்சி” என்றார்.

புதன்கிழமை காலை அந்த வீடே மலர்ந்திருந்தது. பருப்பு ஒப்பட்டு சுட்டு, மேலே நெய் விட்டு வைத்திருந்தார்கள். நம் பக்கத்துப் போளிதான். இங்கே பெயரும் கனமும் கூடுதல்.

“சார், சத்தம் நின்னுருச்சுங்க! காலையில ஒரு ரவுண்டு போனோம். சுத்தமா இல்ல” என்றார் முனிராஜ்.

“ஆமாங்க, இல்லீங்க” என்றார் சரோஜா.

“நானும் கேட்டேன் அண்ணாச்சி. அதாவது, கேக்கல” என்றார் இசக்கிமுத்து.

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. என்ன செய்ததால் நின்றது என்று எனக்கே தெரியாவிட்டாலும், நேற்று மாலை நான்கு கிளிப்புகளை மாற்றியிருந்தேன். அதில் ஒன்றாக இருக்கும். மூன்றாவது ஒப்பட்டைச் சாப்பிட்டுக்கொண்டே, அலுவலகத்தில் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எப்படிச் சிரிப்பது என்று யோசித்தேன். முறைப்படி ஒரு கடைசி ஓட்டம் போய்விட்டு வரலாம் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “எதுக்குங்க சார், நின்னதுதான் நின்னுருச்சே” என்றார் முனிராஜ். நான் விடவில்லை. சரோஜாவையும் ஏறச் சொன்னேன்.

முனிராஜ் ஓட்டினார். நான் முன்னால், சரோஜாவும் இசக்கிமுத்தும் பின்னால். தொரப்பள்ளிச் சாலையில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. முதல் வேகத்தடை தாண்டியதும், “கேக்குதா?” என்றேன். “இல்லீங்க” என்று மூன்று குரலும் பஜனை மாதிரி சேர்ந்து வந்தன. எனக்கும் கேட்கவில்லை. எதிர்வெயில் கண்ணில் அடிக்க, மேலே இருந்த மறைப்புப் பலகையை இறக்கினேன். அதன் உட்புறத்தில் ஒரு சிறு கண்ணாடி. அதில் சரோஜாவின் முகம் தெரிந்தது.

அடுத்த வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. சரோஜாவின் இடது கண் இறுக மூடிக்கொண்டது. யாரோ காதருகே ஊசியைக் கொண்டுபோனது போல உதடு சுருங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு, நான் கேட்பதற்கு முன்பே, “இல்லீங்க சார், நல்லா இருக்குது” என்றார்.

அடுத்த தடையிலும் அந்தக் கண் மூடியது. அதற்கடுத்ததில் இசக்கிமுத்துவின் புருவமும் சேர்ந்து சுருங்குவதைப் பார்த்தேன். வண்டிக்குள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கேட்டது. எனக்கு மட்டும் ரோஜாத் தோட்டமும் வெயிலும் சொர்க்கம் போன்ற அமைதியும்.

“வண்டிய நிறுத்துங்க” என்றேன்.

முதலில் வந்தது கோபம். “எதுக்கு என்கிட்ட எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்க?” என்று சத்தம் போட்டேன். சாலையோரம் பூ மூட்டையோடு போன ஒருவர் நின்று பார்த்தார். முனிராஜ் இறங்கி என் பக்கம் வந்து, கதவைத் திறந்து, தலை குனிந்து நின்றார்.

“தப்புதாங்க சார். நம்ம ஊட்ல கை நனைச்ச மனுசன், வேல போயிருமேன்னு வாய் உட்டுச் சொல்லிட்டீங்க. அந்த மனசு நோவக் கூடாதுங்க. நின்னுருச்சுன்னு சொல்லிட்டா நீங்க நல்லபடியா ஊரு போய்ச் சேருவீங்க. நான்தான் அவளையும் சொல்லச் சொன்னேன்.”

“நேத்து அவிய பேசிக்கிட்டது சமையலப் பத்தி இல்ல அண்ணாச்சி” என்றார் இசக்கிமுத்து, என்னைப் பார்க்காமல்.

நான் பத்து வேலையை இழந்தாலும் எனக்காக இப்படி ஒரு பொய்யைச் சொல்ல நான் வசிக்கும் ஊரில் ஆள் கிடைக்காது. ஒரு பெண் தன் தலைவலியைத் தூக்கி எனக்கு மொய்யாக வைத்திருக்கிறார். நான் அவருக்குக் கொடுத்ததோ மனோதத்துவச் சொற்பொழிவு. கோபம் போய் வெட்கம் வந்தது. வெட்கத்துக்குப் பின்னால் பயம் வந்தது. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேட்டேன். “மெலிசா, ரொம்ப மெலிசா, கம்பி மாதிரி” என்றார் சரோஜா. மெலிந்த, உச்சத்தில் நிற்கும் சத்தங்கள்தான் வயதான காதை விட்டு முதலில் போகும். அதை நானே புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

“எனக்குக் கேக்கலம்மா” என்றேன். இருபது சொச்சம் வருடத்தில் காருக்குள் உட்கார்ந்து நான் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல் தடவை. “எனக்கு நெஜமாவே கேக்கல. உங்களுக்கு எங்க கேக்குது?”

“இங்கங்க” என்று சரோஜா கையை உயர்த்தித் தன் தலைக்கு மேலே, கண்ணாடிக் கூரையும் துணிப் பட்டையும் சேரும் ஓரத்தைத் தொட்டார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“இத்தன நாளா ஏம்மா சொல்லல?” என்று இசக்கிமுத்து அலறினார்.

“ஆருங்க கேட்டீங்க? வருவீங்க, இவரக் கூட்டிக்கினு வண்டிய எடுத்துக்கினு போயிருவீங்க. என்னைய ஒரு வார்த்த, ஏறி ஒக்காரு, எங்க கேக்குதுன்னு சொல்லுன்னு ஒருத்தரும் கேக்கல. கம்ப்ளைண்டும் அவரு பேர்லதான இருக்குது.”

முனிராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே வியர்வை எதுவும் இல்லை.

அந்த இடத்திலேயே, புளியமர நிழலில், இசக்கிமுத்து ஓரப் பட்டையை நெம்பி எடுத்தார். உள்ளே ரப்பர் முழுவதும் மஞ்சளாக ஒரு பொருக்கு, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முனிராஜ் இந்த வண்டியின் கண்ணாடிக் கூரை மேல் அகலமாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாராம். மற்ற வண்டிகளில் இவ்வளவு பெரிய நெற்றி கிடையாது அல்லவா. மறுநாள் குழாயை வைத்துப் பீய்ச்சிக் கழுவினால், கரைந்த சந்தனம் எல்லாம் ரப்பருக்குள் இறங்கும். மூன்று வருட பக்தி, வெயிலில் காய்ந்து, கண்ணாடியோடு உரசிக்கொண்டிருந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் பனி, உப்பு, மணல், சாம்பல் எல்லாம் வைத்துச் சோதித்திருக்கிறோம். சந்தனம் யாருக்கும் தோன்றவில்லை.

ஈரத் துணியால் துடைத்து, ரப்பருக்கான மசகெண்ணெயைத் தடவி, பட்டையை மாட்டினார் இசக்கிமுத்து. மீண்டும் அதே சாலை. இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. காதை நம்பவுமில்லை. சின்னக் கண்ணாடியில் சரோஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் தடை, கண் மூடவில்லை. இரண்டாவது, அவர் ஜன்னலுக்கு வெளியே யாருடைய தோட்டத்தையோ பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பாதைக்குள் திரும்பும்போது இரண்டு கண்களும் மெல்ல மூடின. மறுபடியுமா என்று திரும்பிப் பார்த்தேன். இசக்கிமுத்து பின்னாலிருந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். சரோஜா தூங்கிவிட்டிருந்தார். முனிராஜ் வீட்டு வாசலைக் கடந்து வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனார். பாலிஹவுஸ்களைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

மாலை மேலாளர் அம்மையார் கூப்பிட்டார். அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். “சத்தம் நின்றதா?” என்றார். நின்றது என்றேன். “இயந்திரம் இல்லாமலா?” ஆமாம் என்றேன். அவர் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. எனக்காக மேலே போய்ப் பேச அவர் தயாராகவே இருந்தார். “அப்படியென்றால் காதுதான் ஜெயித்தது, இல்லையா?”

வராந்தாவில் முனிராஜ் எனக்காக ஒரு கூடை ரோஜாவை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் யாரும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

“ஆமாம், காதுதான் ஜெயித்தது. ஆனால் அது என் காது இல்லை. எனக்கு அந்தச் சத்தம் கடைசி வரை கேட்கவே இல்லை” என்றேன்.

மறுமுனையில் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அல்லது இருந்ததோ என்னவோ.